வாசலில் நிற்கும் பெட்ரோல் மேகம்

டியூன் செய்த பழைய லாம்ப்ரெட்டா ஒன்றின் சைடு பேனலைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டரின் வாய்க்கு எதிரே டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய அந்த வாயில் வெள்ளையாக ஒரு மூட்டம் நிற்கும். முதல் முறை பார்ப்பவர்கள் புகை என்று நினைப்பார்கள். பெட்ரோல்தான் அது, பனித்துளியைவிடப் பொடியான துளிகளாக. வாய்க்கு வெளியே இரண்டு விரற்கடை வரை வந்து, உள்ளே போய், மறுபடி வந்து, போகவும் மனமில்லாமல் நிற்கவும் மனமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். உள்ளங்கையை நீட்டினால் சில நொடிகளில் ஈரமாகிவிடும். 2டி ஆயில் கலந்த பிசுபிசுப்பு, விரலைத் துடைத்த பிறகும் போகாது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால், வண்டியின் டியூனைப் பொறுத்து நிமிடத்துக்கு 4,000 அல்லது 5,000 சுற்றைத் தாண்டும்போது மேகம் சட்டென்று உள்ளே போய்விடும். கையை விட்டால் திரும்ப வாசலில் வந்து நிற்கும்.

பட்டறை மொழியில் இதற்கு, "கார்புரேட்டர் துப்புது" என்று பெயர். "ரிட்டன் அடிக்குது" என்பவர்களும் உண்டு.

முதல் பெயரிலேயே பழி ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. துப்புவது கார்புரேட்டர் என்றால் கோளாறும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடும். கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, ஜெட்டை வாயால் ஊதி, ஃப்ளோட்டைச் சரிபார்த்து மாட்டினால் மேகம் அப்படியே நிற்கும். புதிய கார்புரேட்டர் வாங்கி மாட்டினாலும் நிற்கும். எஞ்சின் தான் இழுத்த மூச்சில் ஒரு பங்கைத் திருப்பி வெளியே விடுகிறது. அது வரும் வழியில் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் குற்றம் அவ்வளவுதான்.

ஏன் திருப்பி விடுகிறது என்பதற்கான விடை, லாம்ப்ரெட்டா என்ற வண்டி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இருக்கிறது. 1890-களின் தொடக்கத்தில் அங்கே ஜோசஃப் டே என்பவர் ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை உருவாக்கினார். பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸையே பம்பாகப் பயன்படுத்தியதுதான் அவருடைய சாமர்த்தியம். பிஸ்டன் மேலே போகும்போது கீழறையில் காற்றழுத்தம் குறையும், வெளிக்காற்று எரிபொருளோடு உள்ளே வரும். பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அமுங்கி, மேலறைக்கு ஏறும். டே முதலில் செய்த எஞ்சினில் உள்ளே வரும் வழியில் ஒரு தட்டு வால்வு இருந்தது. கதவு மாதிரி உள்பக்கம் மட்டும் திறக்கும், திரும்பி வர முயன்றால் தானே சாத்திக்கொள்ளும்.

அவரிடம் வேலை பார்த்த ஃப்ரெடரிக் காக் அந்தக் கதவைத் தூக்கி எறிந்தார். பிஸ்டனின் அடிப்பாகம், அதாவது அதன் பாவாடையே, சிலிண்டர் சுவரில் உள்ள துளையை மூடித் திறக்கட்டும் என்றார். தனி வால்வு இல்லை, ஸ்பிரிங் இல்லை, தேய்ந்து போக எதுவும் இல்லை. உலகம் முழுக்க மொபெட்டும் ஸ்கூட்டரும் மலிவாகக் கிடைத்ததற்கு இந்த ஒரு யோசனையின் பங்கு பெரியது. ஆனால் அன்றைக்குக் கழற்றிய கதவுக்கான விலையைத்தான் இன்றும் லாம்ப்ரெட்டாக்காரர்கள் கால்சட்டையில் பெட்ரோல் கறையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சங்கதி எளிமையானது. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழ்விளிம்பு துளையைக் கடந்தால் வழி திறக்கும். இறங்கும்போது அதே விளிம்பு அதே இடத்தைக் கடந்தால்தான் வழி மூடும். கிராங்க் சுற்றில் பிஸ்டனின் உச்சிக்கு 80 பாகை முன்னால் திறந்தால், உச்சியைத் தாண்டி 80 பாகை போன பிறகுதான் மூடும். முன்னால் எவ்வளவோ பின்னால் அவ்வளவு. இதை மாற்றவே முடியாது. இந்தச் சமச்சீர் எவ்வளவு கறாரானது என்றால், இப்படிப்பட்ட எஞ்சினுக்கு எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பதே பொருட்டில்லை. 1955-இல் ஜெர்மனியில் வந்த மெசர்ஷ்மிட் கேஆர்200 என்ற மூன்று சக்கரக் குட்டிக்காரில் ரிவர்ஸ் கியரே கிடையாது. எஞ்சினை நிறுத்தி, தலைகீழாகச் சுற்றும்படி மறுபடி ஸ்டார்ட் செய்வார்கள். முன்னோக்கி இருந்த நான்கு கியரும் பின்னோக்கிக் கிடைத்துவிடும்!

இப்போது கொஞ்சம் கணக்கு. 200 சிசி லாம்ப்ரெட்டாவின் போர் 66 மி.மீ., ஸ்ட்ரோக் 58 மி.மீ., கனெக்டிங் ராடின் நீளம் 107 மி.மீ. உச்சியிலிருந்து 80 பாகை திரும்பும்போது பிஸ்டன் கிட்டத்தட்ட 28 மி.மீ. இறங்கியிருக்கும். மொத்தப் பயணத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. அந்த 28 மி.மீ.-இல் அது கீழறையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் இடம் 95 கன சென்டிமீட்டர். அதாவது, ஒரு டீ கிளாஸ் அளவு கலவைக்கு உள்ளே இடமில்லாமல் போகிறது. அதே நேரத்தில் வாசல் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. கலவை வேறு எங்கே போகும்?

ஆனால் எல்லா வேகத்திலும் அது வெளியே போவதில்லை என்பதுதான் இதில் அழகு. 7,000 சுற்றில் எஞ்சின் ஓடும்போது உச்சியிலிருந்து 80 பாகைக்கு ஆகும் நேரம் 2 மில்லி விநாடிக்கும் குறைவு. குழாயில் உள்நோக்கிப் பாய்ந்து வரும் காற்றுக்கு எடை உண்டு, எடைக்கு உந்தம் உண்டு. பஸ் பிரேக் போட்ட பிறகும் நிற்பவர்கள் முன்னால் சாய்வதைப்போல, பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் அந்தக் காற்று உள்ளே திணித்துக்கொண்டே இருக்கும். அது தளர்ந்து திரும்ப நினைப்பதற்குள் கதவு மூடிவிடும். 1,500 சுற்றில் அதே 80 பாகைக்கு 9 மில்லி விநாடி ஆகிறது. காற்றின் வேகமும் குறைவு, உந்தமும் குறைவு, திரும்பி வர அவகாசம் ஏராளம். வந்துவிடுகிறது.

ஆகவே பிஸ்டனே துளையை மூடித் திறக்கும் ஒவ்வொரு பிஸ்டன்-போர்ட் எஞ்சினும் ஏதாவது ஒரு சுற்று வேகத்தில் துப்பத்தான் செய்யும். கம்பெனியிலிருந்து வந்த வண்டியில் அது குறைவாக இருக்கும். ஏர்-ஃபில்டர் பெட்டிக்குள் ஒளிந்தும் இருக்கும். டியூன் செய்கிறவர் வந்து பிஸ்டன் பாவாடையை அரத்தால் ராவும்போதுதான் அது தெருவுக்கு வருகிறது. பாவாடையில் 1 மி.மீ. குறைத்தால் துளை ஏறத்தாழ 2 பாகை முன்னால் திறந்து 2 பாகை பின்னால் மூடும். 3 மி.மீ. எடுத்தால் மொத்தத்தில் 11 பாகைக்கு மேல் கூடிவிடும். மேல் வேகத்தில் வண்டி பாயும். கீழ் வேகத்தில், சிக்னலில் நிற்கும்போது, மேகம் வாசலுக்கு வரும். விரிந்த வயிறுள்ள ரேஸ் சைலன்சரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதற்கு உரிய சுற்று வேகம் வரும்வரை அதிலிருந்து திரும்பும் அழுத்த அலைகள் தப்பான நேரத்தில் வந்து மோதி, கீழறையின் மூச்சை இன்னும் குழப்பும்.

துப்பல் என்பது சட்டைக் கறையோடு முடிந்தால் சகித்துக்கொள்ளலாம். எஞ்சினுக்குள் அது செய்கிற சேதம் வேறு. கார்புரேட்டரின் ஜெட்டுக்குக் காற்றின் திசை தெரியாது. எந்தப் பக்கம் வீசினாலும் குறுகிய கழுத்தில் அழுத்தம் குறையும், பெட்ரோல் எழும்பி வரும். உள்ளே போகும்போது ஒரு முறை பெட்ரோல் வாங்கிக்கொண்ட காற்று, வெளியே வரும்போது இரண்டாம் முறை வாங்குகிறது. அடுத்த சுற்றில் மறுபடி உள்ளே போகும்போது மூன்றாம் முறை. இப்படி மூன்று தடவை நனைந்த காற்று எரியச் சிரமப்படும். எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். "பட்... பட்..." என்று இழுக்கும். பிளக் கறுத்து ஈரமாகும்.

இங்கேதான் பெரும்பாலானோர் விழும் குழி இருக்கிறது. பிளக் ஈரம், பெட்ரோல் அதிகம், ஆகவே ஜெட்டைக் குறை! டெல்லோர்ட்டோ கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில் 118 என்று பொறித்திருந்தால் துளை 1.18 மி.மீ. அதை எடுத்துவிட்டு 108 போட்டால் துளையின் பரப்பு 16 சதவீதம் சுருங்கிவிடும். சிக்னலில் வண்டி கொஞ்சம் சமர்த்தாக நிற்கிற மாதிரி இருக்கும். பிறகு நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது துப்பல் இல்லை, மூன்று தடவை நனைவதும் இல்லை. பெட்ரோல் உண்மையிலேயே 16 சதவீதம் குறைவு. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும். பிஸ்டன் சீஸ் ஆவதற்கு இதைவிட வேறு தகுதி வேண்டாம். கீழ் வேகத்து நோய்க்கு மேல் வேகத்தில் மருந்து கொடுத்தால் இப்படித்தான்.

வெஸ்பாவின் கதை கொஞ்சம் வேறு. பியாஜியோ நிறுவனத்துக்காகக் கொராதினோ தாஸ்கானியோ வடிவமைத்து 1946-இல் வந்த முதல் வெஸ்பாவும் பிஸ்டன்-போர்ட் வண்டிதான். 1950-களின் கடைசியில் அந்த நிறுவனம் பழைய வழியை விட்டது. கிராங்கின் ஒரு பக்கத் தட்டையே வால்வாக்கிவிட்டது. சுற்றும் தட்டின் விளிம்பில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு துளைக்கு நேராக வரும்போது வழி திறக்கும், முழு விளிம்பு வந்ததும் மூடும். விளிம்புக்கும் கேஸில் கடைந்த வளைவான மேடைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 0.05 மி.மீ., ஒரு தலைமுடியின் பருமன். அதில் தங்கும் ஆயில் படலமே அடைப்பு. நம் ஊரில் ஓடிய பஜாஜ் சேத்தக்கும் இந்தக் குடும்பத்து வாரிசுதான்.

இதனால் கிடைத்த பெரிய விடுதலை, திறப்பதும் மூடுவதும் தனித்தனியாகிவிட்டது. முன்னால் நிறையத் திறந்து, பின்னால் சீக்கிரம் மூடலாம். இதே தத்துவத்தைத் தனித் தகடாகச் செய்து பந்தயத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் இருந்த வால்ட்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு, அந்நாளில் நம்ப முடியாதது. அந்த ஆண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தோடு மேற்குக்குத் தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டு 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு வால்வு எப்போது மூடுகிறது என்பதும் அரசியல் ரகசியமாக இருந்த காலம் அது.

வெஸ்பாவை டியூன் செய்கிறவர்கள் கிராங்க் தட்டின் வெட்டை நீட்டுவார்கள். திறக்கும் பக்கம் நீட்டுவதால் துப்பல் வராது. உச்சிக்கு 120 பாகை முன்னால்வரை, கீழறையிலிருந்து மேலே போகும் வழிகள் மூடும் கட்டம் வரை, தாராளமாகப் போகலாம். அதற்கு மேல் போவதில் லாபமில்லை. மூடும் பக்கத்தில் கை வைக்கும்போதுதான் நிதானம் வேண்டும். உச்சியைத் தாண்டி 65 பாகை வாக்கில் நிறுத்திக்கொண்டால் ஊருக்குள் ஓட்டலாம். 75-க்குக் கொண்டுபோனால் மேல் வேகத்தில் சந்தோஷம், கீழ் வேகத்தில் கார்புரேட்டர் பெட்டிக்குள் பெட்ரோல் குளம். பாகைத் தட்டை ஃப்ளைவீலில் மாட்டி அளக்காமல் கண் மதிப்பில் கிரைண்டர் பிடித்த கிராங்குகள்தான் பெரும்பாலும் இந்தக் குளத்தை வெட்டியவை.

சரி, துப்பும் வண்டியை எப்படி அணுகுவது? முதலில் அது துப்பல்தானா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் டேப்பைத் திறந்து, பத்து நிமிடம் விட்டால் போதும். நிற்கும் வண்டியில் சொட்டினால் அது ஓவர்ஃப்ளோ. ஃப்ளோட்டின் ஊசி உட்காரவில்லை. அதற்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை. அடுத்தது, எந்தச் சுற்றில் துப்புகிறது? ஒரு குறிப்பிட்ட வேகம் வரை மட்டும் துப்பி, பிறகு நின்றால் டைமிங் காரணம். ஐட்லிங்கிலிருந்து கடைசி வரை எல்லா வேகத்திலும் துப்பினால் மூட வேண்டிய ஏதோ ஒன்று மூடவே இல்லை. மெல்லிய இதழ்களாலான ஒருவழிக் கதவு, அதாவது ரீட் வால்வு, உள்ள வண்டியில் இதழ் உடைந்திருக்கும், அல்லது ஓரம் சிலிர்த்து வெளிச்சம் தெரியும். வெஸ்பாவில் அந்தத் தலைமுடி இடைவெளி கீறல் விழுந்து வாய்க்காலாகியிருக்கும்.

வெஸ்பா மேடையைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கார்புரேட்டரைக் கழற்றி, கிராங்க் தட்டு துளையை முழுவதும் மூடும்படி ஃப்ளைவீலைத் திருப்பி நிறுத்தி, துளையில் கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றினால் நல்ல மேடையில் அது நெடுநேரம் தேங்கி நிற்கும், மெல்லத்தான் இறங்கும். கண்ணெதிரே வடிந்து போனால் கேஸ் கெட்டது என்று அர்த்தம். கெடுப்பது பல நேரம் மெக்கானிக்கின் கைதவறுதல். ஃபில்டர் ஸ்க்ரூவோ வாஷரோ துளைக்குள் விழுந்து, எஞ்சின் ஒரே ஒரு சுற்று சுற்றினால் போதும். கார்புரேட்டரைக் கழற்றியதும் துளையில் துணி அடைக்கச் சொல்லும் பெரியவர்கள் அனுபவப்பட்டவர்கள்.

டைமிங்தான் காரணம் என்று தெரிந்த பிறகு, செலவு குறைந்த மருந்து மேகத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பது. கார்புரேட்டரின் வாய்க்கு நீளமான குழல் மாட்டினால் மேகம் அந்தக் குழலுக்குள்ளேயே எழும்பி நின்று, அடுத்த மூச்சில் உள்ளே போய்விடும். சட்டைக்கும் டயருக்கும் பெட்ரோல் போகாது. குழல் நீண்டால் உள்ளே அலையும் காற்றின் எடை கூடும், கீழ் வேகத்தில் இழுவையும் சற்றுக் கூடும். உச்ச வேகத்தில் ஏதோ கொஞ்சம் குறையும். லாம்ப்ரெட்டாவின் ஒரிஜினல் ஏர்-ஃபில்டர் பெட்டியும் ரப்பர் குழாயும் இந்த வேலையையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தன. "ஃபில்டரைக் கழற்றினா பிக்கப் கூடும்" என்று அதை ஓரமாக வைத்தவர்கள், சத்தத்தைப் பிக்கப் என்று எண்ணிக்கொண்டதுதான் அதிகம். மறுபடி எடுத்து மாட்டுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

கார்புரேட்டரின் அளவையும் ஒரு முறை யோசிக்க வேண்டும். 22 மி.மீ. இருந்த இடத்தில் 30 மி.மீ. மாட்டினால் வழியின் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதே அளவு காற்று பாதி வேகத்தில்தான் போகும். வேகம் பாதியானால் திரும்பி வரும் காற்றை எதிர்த்து நிற்க உந்தம் எங்கே? ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு 25 அல்லது 28 போதுமா என்று கேட்டுப் பார்ப்பது, 30 வாங்கிய பிறகு அதோடு போராடுவதைவிட நல்லது.

நிரந்தரத் தீர்வு வேண்டும் என்றால் டே முதலில் வைத்த கதவுக்கே திரும்பிப் போக வேண்டும். ரீட் வால்வு என்பது அதே தட்டுக் கதவுதான். கூரை வடிவச் சட்டத்தில் மெல்லிய இதழ்கள், உள்ளே காற்று போகும்போது வளைந்து திறக்கும், திரும்பும்போது படக்கென்று மூடும். 1970-களின் தொடக்கத்தில் யமஹா இதைத் தன் தெருவண்டிகளில் பரவலாக்கியது. 1985-இல் இந்தியாவுக்கு வந்த ஆர்எக்ஸ்100 அத்தனை சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு கீழ் வேகத்திலும் மேல் வேகத்திலும் அப்படி ஓடியதற்கு அந்த இதழ்களுக்கும் பங்கு உண்டு. லாம்ப்ரெட்டாவுக்கு பிரிட்டனில் வந்த டிஎஸ்1 சிலிண்டர் ரீட் வால்வோடு வந்து, துப்பலைச் சகித்துக்கொண்டே ஓட்டிய ஒரு தலைமுறையின் பழக்கத்தை மாற்றியது. அந்த வண்டிகளில் ஒரு பகுதி லக்னோவில் பிறந்தவை என்பது இங்கே சொல்ல வேண்டிய விஷயம். இத்தாலியின் இன்னொசென்டி லாம்ப்ரெட்டா தயாரிப்பைக் கைவிட்டதும் அதன் இயந்திரங்களை வாங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா, 1990-கள் வரை அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தது.

வெஸ்பாவில் ரீட் மாட்டுவது திரும்பி வர முடியாத காரியம். கீறல் விழுந்த மேடையைக் கடைந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதழ்க் கதவு உட்காரும். நல்ல மேடையை அழித்து இதைச் செய்வது வீண். கெட்டுப்போன கேஸுக்கு இது மறுவாழ்வு. இதழ்களிலும் குணம் வேறு வேறு. ஸ்டீல் இதழ் உடைந்து உள்ளே போனால் சிலிண்டரைக் கிழிக்கும். ஃபைபர் இதழ் உடைந்தால் பெரும்பாலும் பொடியாகிப் போய்விடும், ஆனால் ஓரங்கள் சீக்கிரம் சிலிர்க்கும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பவர்களுக்கு எதுவும் திடீரென்று நடப்பதில்லை.

ஜெட்டுக்குக் கை போக வேண்டியது இதற்கெல்லாம் பிறகு. மூன்று தடவை நனைவது நின்றதால் கீழ் வேகத்தில் கலவை இப்போது மெலிந்திருக்கும். முன்பு குறைத்து வைத்த பைலட் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்ற வேண்டிவரும், ஜெட் ஊசியை ஒரு பள்ளம் உயர்த்த வேண்டிவரும். மெயின் ஜெட்டைப் பெரியதில் தொடங்கி, முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, ஒவ்வொரு நம்பராக இறக்க வேண்டும். பழுப்பு நிறம் வந்ததும் நிறுத்திவிடலாம். வெள்ளை தெரிந்தால் ஏற்கெனவே இறங்கிவிட்டோம்.

எல்லாம் முடிந்ததும் கல்யாணப் பத்திரிகை மாதிரி தடித்த அட்டை ஒன்றை எடுத்து, வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும். மெல்லிய காகிதமானால் எஞ்சின் விழுங்கிவிடும். ஐட்லிங்கில் ஒரு நிமிடம், 3,000 சுற்றில் ஒரு நிமிடம். அட்டையில் பொட்டுப் பொட்டாக ஈரம் பட்டிருந்தால் பாகைத் தட்டை மறுபடி எடுக்க வேண்டியதுதான். காய்ந்தே இருந்தால் சைடு பேனலை மாட்டிவிடலாம்.